நிற்காமல் ஓடிய சர்வர்

எங்கள் ஊரில் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் கோயிலுக்குச் சொல்வார்கள், அடுத்து சவப்பெட்டிக்காரருக்கு, மூன்றாவதாக எங்கள் ஆபீசுக்கு. பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் அடக்கத்தை நேரலையில் பார்க்க வேண்டுமே. கல்யாணம், புதுநன்மை, ஞானஸ்நானம் எல்லாம் காட்டுவோம் என்றாலும் எங்கள் பிழைப்பு ஓடுவது அடக்கத்தில்தான். இதைச் சொன்னால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் ஒருநாள் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் என்றால் புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஒரு மாடியில் இரண்டு அறை. முதலாளி, கேமராக்காரர், நான், மூன்றே பேர். கேமராவோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது படத்தை எங்கள் சர்வருக்கு அனுப்பும், சர்வர் அதைப் பார்ப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். சர்வர் இங்கே இல்லை. பார்ப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் பிரான்சில் என்பதால் அங்கேயே ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதன் கடிகாரமும் பிரான்சு நேரத்தில்தான் ஓடியது. அதை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. பார்த்தறியாத ஒரு இயந்திரத்துக்கு இங்கே இருந்துகொண்டு வைத்தியம் பார்ப்பவன் நான்.

எந்த சர்வருக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் உண்டு. மற்றதெல்லாம் அதன் மேல்தான் ஓடும். அதில் ஓட்டை இருக்கிறது, இந்தா திருத்தம் என்று அதை எழுதியவர்கள் அனுப்பினால், சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்பினால்தான் திருத்தம் பிடிக்கும். அப்படி நான் ஒருநாள் நிறுத்தியபோது ஒரு குழந்தையின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழும் நேரமாகப் போய்விட்டது. குழந்தையின் தாத்தா பிரான்சிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு முதலில் பிரெஞ்சில் திட்டினார், போதாதென்று தமிழிலும் திட்டினார். முதலாளி போனை வைத்துவிட்டு அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தார்.

அதற்குப் பிறகுதான் லைவ் பேட்ச் போட ஆரம்பித்தேன். கெர்னலை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே, நினைவகத்தில் பழுதான துண்டை மட்டும் மாற்றிவிடும் முறை அது. பார்ப்பவர்களுக்கு ஒரு இமைப்பு கூடத் தெரியாது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டேன். சர்வர் உயிரோடு இருந்தால் ஒரு பச்சை வட்டம் காட்டும், அதன் கீழே எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்ற எண். அந்த எண் நானூறைத் தாண்டியபோது அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா மில் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்ந்தவள். மில்லை மூடி எத்தனையோ வருடம் ஆகியும் எல்லாவற்றையும் மில்லோடுதான் ஒப்பிடுவாள். நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "ஓட்ற மிஷின்ல கைய வப்பியா நீ?" என்றாள்.

"வைப்பேன். அதுக்குத் தெரியாது."

"எங்க மில்லுல வச்சவனுக்கு மூணு வெரலு இல்ல" என்று சொல்லிவிட்டு மீன் அரியப் போய்விட்டாள். அவளிடம் பெருமை அடித்துக்கொள்ளவே முடியாது.

ஆனால் லைவ் பேட்ச் கெர்னலுக்கு மட்டும்தான். அதன் மேல் ஓடும் நூறு சாமான்களுக்கு வழக்கமான அப்டேட் தனியாக வந்துகொண்டே இருக்கும். அவற்றில் சிலதைப் போட்டால், படத்தை விநியோகிக்கும் நிரலை நிறுத்திக் கிளப்ப வேண்டும். சர்வர் நிற்காது, அந்த ஒரு நிரல் மட்டும் சில நொடி நிற்கும். அதைக் கையால்தான் செய்துவந்தேன். நேரம், மத்தியானம் இரண்டு மணி. புதுச்சேரியில் இரண்டு மணிக்கு யாருக்கும் எதுவும் நடக்காது. கடை ஷட்டர் பாதி இறங்கிவிடும், கோயில் கதவு சாத்திவிடும், ஊரே படுத்துவிடும். சாவு எடுப்பது நாலு மணிக்கு மேல்தான். ஆபீசில் தனியாக உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணிக்கு அப்டேட் போட்டுவிட்டு நானும் ஒரு தூக்கம் போடுவேன்.

ஆடி மாத வெயிலில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுத் திணறல். இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தோம், வரவில்லை. நான் பகலெல்லாம் வார்டு வாசலில் கிடந்தேன். மத்தியானம் ஆபீசுக்குப் போய் அப்டேட் போட முடியவில்லை. மூன்றாம் நாள் நடைக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, தினமும் 14:00 மணிக்கு அப்டேட் தானாக நடக்கட்டும், நிறுத்திக் கிளப்ப வேண்டியதைத் தானே நிறுத்திக் கிளப்பட்டும் என்று இரண்டு வரி எழுதிவைத்தேன். நர்ஸ் கூப்பிட்டாள், மூடிவிட்டு எழுந்து போனேன்.

அக்கா இருப்பது பிரான்சில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா வீட்டுக்கு மருமகளாகப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பு படியில் விழுந்து காலெலும்பு முறிந்து, தகடு வைத்திருந்தார்கள். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் அம்மா இறந்துவிட்டாள் என்று நான் சொன்னதும் அக்கா டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஐஸ் பொட்டில வச்சிருங்க. நாளன்னிக்கு வந்துர்றேன். சக்கர நாற்காலில வந்துர்றேன்."

வைத்திருக்கலாம். பிரான்சுப் பிள்ளைகளுக்காக மூன்று நாள் வைத்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வேண்டாம் என்று சொன்னவன் நான். ரத்தம் கட்டிக்கொண்டு அவளுக்கும் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று பயம். அது உண்மைதான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதவே வேண்டாம். என் சர்வர் மேல் எனக்கு இருந்த திமிர்.

"நீ வராதக்கா. நான் காட்டுறேன். ஒரு செகண்டு நிக்காது. பக்கத்துல நிக்கிற மாதிரி பாப்ப" என்றேன்.

"மண்ணு போடறப்ப நல்லா தெரியுமாடா?" என்றாள்.

"தெரியும்."

"பால்கனில தொட்டி மண்ணு இருக்கு. நீங்க போடறப்ப நானும் ஒரு பிடி போடறேன். வேற என்னா செய்றது."

அதற்குத்தான் சம்மதித்தாள். அம்மாவின் குழியில் எல்லோரும் மண் போடும் அதே நேரம் தானும் ஒரு பிடி மண் போட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான், நான் வாக்குக் கொடுத்ததும் அதைத்தான்.

மறுநாள் நாலு மணிக்கு எடுத்தோம். நாலரைக்குக் கோயிலில் பூசை. கேமராக்காரர் அண்ணன் தன் வீட்டுச் சாவு மாதிரி வேலை பார்த்தார். பூசை முடிந்ததும் என் காதருகே வந்து, "தம்பி, அக்கா பாத்துகினு இருக்கறாங்க, மெசேஜ் போட்டாங்க" என்றார். கல்லறைக்கு நடந்து போகும்போது போனை எடுத்துப் பார்த்தேன். பச்சை வட்டம். ஜெபமாலை சொல்லிக்கொண்டே இன்னொரு முறை பார்த்தேன். படத்தையே திறந்து பார்த்திருக்கலாம். பெற்றவள் அடக்கத்தில் நின்றுகொண்டு அதையே போனில் பார்ப்பதா என்று கூச்சமாக இருந்தது. பச்சை வட்டத்தைப் பார்ப்பதில் ஒன்றும் கூச்சமாகப் படவில்லை. குழி ஓரத்திலும் பார்த்தேன். பச்சைதான்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் முகம் வீங்கியிருந்தது.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா. எல்லாம் பாத்தேன்."

"மண்ணு?"

"போட்டேன். நீங்க போடறப்பவே போட்டேன்."

எனக்கு நெஞ்சு லேசானது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சொன்னேன்ல, ஒரு செகண்டு நிக்கலல்ல" என்றேன். "ஆமாண்டா" என்றாள் அக்கா. இன்றைக்கும் அந்த "ஆமாண்டா"வை நினைத்தால் எங்காவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

எட்டாம் நாள் பூசை முடிந்து ஆபீசுக்குப் போனேன். அக்காவுக்குப் பதிவை அனுப்பிவிடலாம் என்று சர்வரில் தேடினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு கோப்புகள் இருந்தன. முதல் கோப்பு, குழிக்கு மேல் பெட்டியைக் கயிற்றில் பிடித்து நிற்கும் இடத்தில் முடிந்தது. இரண்டாவது கோப்பு, ஆட்கள் கல்லறை வாசலில் கைகழுவிக்கொண்டிருக்கும் இடத்தில் தொடங்கியது. நடுவில் பதினான்கு நிமிடம் இல்லை.

கேமராக்காரரிடம் கேட்டேன். அனுப்பும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததை அவர் தாமதமாகத்தான் பார்த்தாராம். அழுதுகொண்டே எடுத்ததில் கவனிக்கவில்லை என்றார். பார்த்ததும் பட்டனை மறுபடி அமுக்கி இணைத்திருக்கிறார். என்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கேமராவுக்குள் கார்டு போட்டு ஒரு பிரதி எடுக்கும் வழக்கம் எங்களுக்கு முன்பு இருந்தது. சர்வர்தான் நிற்பதே இல்லையே, கார்டு எதற்கு என்று அதை நிறுத்தச் சொன்னவனும் நான்தான்.

பிறகு சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். எல்லாம் வரிவரியாக இருந்தது. 14:00, அப்டேட் தொடக்கம். அன்றைக்குக் கெர்னலுக்கும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது, லைவ் பேட்ச் அதை மூச்சு விடாமல் மாற்றியிருக்கிறது. அடுத்த வரி, ஒரு சாதாரண அப்டேட். அதற்கடுத்த வரி, படம் விநியோகிக்கும் நிரல் நிறுத்தப்பட்டது. அதற்கடுத்த வரி, தொடங்கப்பட்டது. நடுவில் நாலே நொடி. நிரல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இணைப்பு அறுந்த கேமராப் பெட்டி யாராவது பட்டனை அமுக்கும்வரை சும்மாவே கிடந்திருக்கிறது.

14:00 என்பது சர்வரின் இரண்டு மணி. பிரான்சின் இரண்டு மணி. கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. இந்தக் கணக்கு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் இருபது வருடமாக நான் மனதில் போட்டுவந்த கணக்கு. கையால் அப்டேட் போட்டவரை என் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன், அதனால் தவறு நடக்கவில்லை. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அதை இயந்திரத்திடம் ஒப்படைத்தபோது, ஊர் படுத்திருக்கும் இரண்டு மணியைத்தான் மனதில் வைத்து எழுதினேன். இயந்திரம் அதன் இரண்டு மணிக்குச் செய்தது. இங்கே அப்போது ஐந்தரை. அம்மாவை இறக்கும் நேரம்.

அதே பதிவேட்டில் பார்ப்பவர்களின் விவரமும் இருந்தது. பிரான்சில் ஒரே ஒரு இணைப்பு, மீண்டும் மீண்டும் பக்கத்தைத் திறந்திருக்கிறது. எண்ணினேன். முப்பத்தொன்பது முறை. கடைசி முறை திறந்தபோது படம் வந்திருக்கிறது, ஆட்கள் கைகழுவும் படம்.

பச்சை வட்டம் ஏன் மாறவில்லை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அது சர்வர் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும். சர்வர் ஓடியது. அந்த எண்கூட அன்றைக்கு ஒன்று கூடியிருந்தது. நான் அந்த ஆப்பை அழித்தேன். எண்ணிக்கை போகட்டும் என்று சர்வரையும் நிறுத்திக் கிளப்பினேன், ஒரு தேவையும் இல்லாமல், வெறும் ஆத்திரத்தில். முதலாளி என்னவென்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்ல எனக்கு முப்பதாம் நாள் பூசைவரை ஆனது. தினமும் பேசினோம், தினமும் வேறு எதையாவது பேசினேன். அவள் கால் எப்படி இருக்கிறது, இங்கே மழை வந்ததா, அம்மாவின் புடவைகளை யாருக்குக் கொடுப்பது. முப்பதாம் நாள் கோயில் வாசலிலேயே நின்று கூப்பிட்டு, படம் நின்றது எனக்குத் தெரியும் என்றேன். நேரத்தைத் தப்பாக எழுதியது நான் என்றும் சொன்னேன்.

"தெரியும்ன்னா ஏன்டா இப்ப சொல்ற" என்றாள். கோபமாக இல்லை. களைப்பாக இருந்தது குரல்.

"நீ ஏன்க்கா பாத்தேன்னு சொன்ன?"

"நீ அப்டி கேட்டா வேற என்னா சொல்றது? அம்மாவ பொதச்சிட்டு வந்து கேக்கற."

"அப்பவே எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணா எடுத்துருவியே. குழிகிட்ட நிக்கற. அம்மாவ பாக்காம போன பாப்ப. அதான் பண்ணல. மண்ண கைல வச்சிக்கினு ஒக்காந்துனு இருந்தேன். இப்ப வரும், இப்ப வரும்னு. வந்தப்ப எல்லாரும் கெளம்பிட்டாங்க. அப்புறம் அத தொட்டிலயே திருப்பிப் போட்டுட்டேன்."

நான் வாசலில் நின்று அழுதேன். பூசைக்கு வந்தவர்கள் அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா காத்திருந்துவிட்டுக் கேட்டாள். "வீடியோ போனா போவுது. நீ சொல்லு. நீ பக்கத்துலதான நின்ன. பொட்டிய எறக்கறப்ப என்னா ஆச்சு? மொதல் மண்ணு யாரு போட்டா? ஒண்ணொண்ணா சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். கயிறு பிடித்தவர்களின் முதுகு ஞாபகம் வந்தது. ஃபாதரின் குரல் வந்தது. அதற்குமேல் ஒன்றுமே வரவில்லை. திரும்பத் திரும்ப அந்தப் பச்சை வட்டம்தான் வந்தது, அதன் கீழே இருந்த எண் உட்பட. பெட்டி இறங்கியதை நான் பார்க்கவில்லை. ஆறடி தூரத்தில் நின்றவன், அக்கா பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"ஆளுங்க கூப்புடுறாங்கக்கா, அப்புறம் சொல்றேன்" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பிள்ளைச்சாவடிக்கு வண்டியை விட்டேன். அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கேதான் இருக்கிறாள். அடக்கத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அக்கா கேட்கிறாள், மண் போட்டது எப்படி என்று சொல்லு, எனக்கு அழுகையில் ஒன்றும் ஞாபகமில்லை என்றேன்.

சித்தி நிதானமாகச் சொன்னாள். பெட்டி ஒருபக்கம் சாய்ந்து இடித்ததையும், நிமிர்த்தி மறுபடி இறக்கியதையும், தான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதையும், எதிர்வீட்டுக்காரி மாலையிலிருந்து பூவைப் பிய்த்துப் போட்டதையும் சொன்னாள். நான் ஒரு வரி விடாமல் மனதில் வாங்கிக்கொண்டேன்.

"மொதல் மண்ணு யாரு சித்தி?"

மடித்த துணியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீதான்டா. ஃபாதர் ஒன்னதான் கூப்ட்டாரு, ரெண்டு தடவ கூப்ட்டாரு. எடது கையால அள்ளிப் போட்ட. சோத்துக் கைல போனு இருந்துச்சி. நான் கூட தொட்டு சொல்லலாம்னு பாத்தேன். பெத்தவள குடுத்துட்டு நிக்கறவன என்னா சொல்றதுன்னு உட்டுட்டேன்."

சித்தி காபி கொடுத்தாள், குடித்தேன். இருட்டுவதற்குள் அக்காவைக் கூப்பிட்டு, சித்தி சொன்னதையெல்லாம் நானே பார்த்ததுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்டி சாய்ந்ததைச் சொன்னபோது அழுதாள். எதிர்வீட்டுக்காரியின் பூவைச் சொன்னபோது நல்ல பொம்பளை என்றாள். முதல் மண் நான்தான் போட்டேன் என்றேன்.

"எனக்கும் சேத்து போட்டியாடா?" என்றாள்.

போட்டேன் என்று சொன்னேன்.